வெளிப்பலகையில் பதினேழாம் டோக்கன்

ஜூன் 17, செவ்வாய்

மழை வரும் வரும் என்று போக்குக் காட்டிவிட்டுப் பேத்தமங்களா பக்கம் போய்விட்டது. புதிய டீச்சர் இன்று வந்து சேர்ந்தாள். பெயர் தென்றல். வயது இருபத்தாறு இருக்கும். ஆண்டர்சன்பேட்டைப் பெண். பெங்களூரில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள், தினமும் ரயிலில் போய்வர முடியாமல் எங்கள் பள்ளிக்குத் தற்காலிகமாக, கெஸ்ட் டீச்சராக வந்திருக்கிறாள்.

ஒன்றாம் வகுப்பை இந்த வருடம் கன்னட, ஆங்கில இருமொழிப் பிரிவு ஆக்கிவிட்டார்கள். சாப்பாட்டு மணி வரை கன்னடம், என்னிடம். அதற்குப் பிறகு ஆங்கிலம், பக்கத்து அறையில், அவளிடம். வீட்டில் தமிழ் பேசுகிற இருபத்து நான்கு பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு பாஷை, மதியம் ஒரு பாஷை. பத்தொன்பது வருடமாக ஒன்றாம் வகுப்பு முழுசாக என்னுடையது. இனிமேல் பாதி. ஹெட்மாஸ்டர் சுந்தரராஜ் சார் இதை நல்ல செய்தி மாதிரி சொன்னார். எனக்கு வேலை குறையுமாம். நான் கேட்டேனா?

ஜூன் 20, வெள்ளி

பிள்ளைகள் டோக்கன் பழகிவிட்டார்கள். ஐந்தே நாள்.

இதை எழுதி வைக்க வேண்டும் என்று பல வருடமாக நினைப்பேன். என் அப்பா தங்கச் சுரங்கத்தில், ஷாப்ட் வாசலில் டோக்கன் ஆபீசில் இருந்தவர். கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண். ஷிப்ட் முடிந்ததும் பலகையைப் பார்த்தால் போதும், யார் மேலே வந்தார், யார் இன்னும் கீழே லெவலில் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். நான் வேலைக்கு வந்த வருடம் அதையே வகுப்புக்குக் கொண்டுவந்தேன். தகர வில்லைகள், ஆணியால் குத்திய எண்கள். வராந்தாச் சுவரில் ஒரு பலகை, அறைக்குள் ஒரு பலகை. பிள்ளை வரும்போது வெளிப்பலகையிலிருந்து தன் டோக்கனை எடுத்து உள்ளே மாட்ட வேண்டும். வெளிப்பலகை காலி என்றால் எல்லோரும் உள்ளே. ஏதாவது தொங்கினால் அந்தப் பிள்ளை வரவில்லை. பெயர் கூப்பிட்டு நேரத்தை வீணாக்குவதே இல்லை.

விதி ஒன்றுதான். டோக்கன் இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. முதல் வாரம் அதை மட்டும்தான் சொல்லிக் கொடுப்பேன். என் வகுப்பில் சத்தம் போட்டு யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட.

ஜூலை 3, வியாழன்

பக்கத்து அறையில் கைதட்டல். அவள் மூன்று தட்டினால் பிள்ளைகள் இரண்டு தட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். அதுதான் அவளுடைய அமைதி. தட்டித்தான் அமைதி வரவேண்டுமா?

கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கிறாள். கும்பிடு, கைகுலுக்கல், கையசைப்பு. எந்த வணக்கம் வேண்டுமோ பிள்ளை அதைத் தொட வேண்டும், அவள் அப்படியே செய்வாள். வாசலில் குனிந்து நின்று இருபத்து நான்கு தடவை! அப்புறம் வேலைப் பட்டியல்: கதவுக்கு ஒரு ஆள், விளக்குக்கு ஒரு ஆள், தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு ஆள். பள்ளி விடும் முன் வட்டமாக உட்கார வைத்து, ஜோடி ஜோடியாகக் கை பிடித்து, இன்று கற்ற ஒரு வார்த்தையை ஜோடிக்குச் சொல்ல வேண்டும். பாடம் எப்போது நடத்துவாள் என்று கங்கம்மாவிடம் கேட்டேன். கங்கம்மா மதிய உணவு சமைப்பவள், எல்லா ஜன்னலும் அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் இங்கிலீஷில் தண்ணீர் கேட்கிறார்கள் என்றாள். எனக்கு அது தேவையில்லாத தகவல்.

ஜூலை 4, வெள்ளி

இன்று ஒரு பையன் என்னைத் தென்றல் மிஸ் என்று கூப்பிட்டான். திருத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

யசோதராவைப் பற்றி.

பதினேழாம் எண். சின்ன உருவம், எதற்கெடுத்தாலும் அழுகை. ஜூனில் முதல் பத்து நாள் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் வகுப்பில் இருந்தாள். கரும்பலகையில் எழுதும்போதுகூட விடமாட்டாள். வாய் திறந்து ஒரு எழுத்து சொன்னதில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. தானாக வரும், எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்று மதியம் ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. முதலில் யார் என்றே தெரியவில்லை. வட்டத்தின் நடுவில் எழுந்து நின்று ‘மை நேம் இஸ் யசோதரா’ என்கிறாள், பயமே இல்லாமல். எல்லோரும் இரண்டு தட்டு தட்டினார்கள்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு வயிறு எரிந்தது. என் முந்தானையைப் பிடித்துத் தைரியம் சேர்த்துக்கொண்டு, அதைப் போய் அந்த அறையில் செலவழிக்கிறாள். ஐம்பதைத் தொடப் போகும் பெண் ஆறு வயதுப் பிள்ளைமேல் கோபப்படுகிறாள். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிஜம் இதுதான்.

இவரிடம் சொன்னேன். காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி வருகிற மனுஷர், சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். “இன்னா டீச்சரம்மா, அந்தப் பொண்ணு வந்ததுலருந்து நம்ம வீட்ல அவ பேச்சுதான்,” என்றார். 

ஆகஸ்ட் 11, திங்கள்

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு உட்கார வைத்தார். தசரா லீவுக்கு முன் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து இருமொழிப் பிரிவைப் பார்க்க வருகிறார்கள். வகுப்பு எப்படி நடக்கிறது, பிள்ளைகள் எப்படி வருகிறார்கள், உட்காருகிறார்கள், கேட்கிறார்கள், எல்லாம். நன்றாக இருக்கிற முறையைத் தாலுகா முழுக்கக் கொண்டுபோவார்களாம். அந்த டீச்சர்தான் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார், பிரிவுக்கும் பொறுப்பு.

 இது எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்கு வேண்டும். பத்தொன்பது வருடத்தில் யாரும் என் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாலை தென்றல் என் அறைக்கு வந்தாள். தன் அறையிலும் உள்பலகை ஒன்று மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் டோக்கனெல்லாம் வெளிப்பலகைக்குத் திரும்பும், மதியம் அங்கிருந்து எடுத்து அவள் அறைக்குள் போகட்டும் என்றாள். “உங்க பலகை இல்லாம மதியத்துல பாதி நேரம் பேர் கூப்பிட்டே போவுதுக்கா.”

தாராளமாக என்றேன். என் வாய்தான் சொன்னது.

ஆகஸ்ட் 13, புதன்

பலகை மாட்டிவிட்டாள். என்னுடையதைவிட வழவழப்பு. ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். அவளுக்குப் பதினாறு ரோஜா. எனக்கு ஏழு, அதில் ஒன்று காம்பு ஒடிந்தது. யசோதரா இரண்டு பேருக்கும் கொண்டுவரவில்லை, படம் வரைந்திருந்தாள். இரண்டு டீச்சர், நடுவில் தான். அந்த டீச்சர் பெரிதாக, கை நிறைய வளையலோடு. நான் பலகைக்குப் பக்கத்தில், பலகை உயரமே.

படத்தை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். கிழிக்கவும் மனசில்லை, ஒட்டவும் மனசில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆபீஸ் ரூம் மேசையில் வருகைத் திட்டம் கிடந்தது. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி, ஒன்றாம் வகுப்பு இருமொழிப் பிரிவு. கீழே: ‘டோக்கன் வரிசை, வாசல் வணக்கம், கைதட்டல். வழங்குபவர்: தென்றல்.’

டோக்கன் வரிசை, வழங்குபவர் தென்றல்.

இரண்டு தடவை படித்தேன். என் பெயர் எங்கேயும் இல்லை. சுந்தரராஜ் சாரிடம் கேட்டேன். மதியம் அவளுடைய நேரம்தானே மேடம், அதனால் சுருக்கமாக எழுதினேன் என்றார். சுருக்கம்! என் அப்பா நாற்பது வருடம் அந்த வாசலில் நின்றது, நான் ஆணி வைத்துத் தகரத்தில் ஒவ்வொரு எண்ணாகக் குத்தியது, எல்லாம் சுருக்கத்தில் போய்விட்டது.

ஒரு நிமிடம் அவள் வரிசை தடுமாறினால் போதும். ஒரே ஒரு நிமிடம், அவர்கள் கண்முன்னால். இது வெறும் நினைப்பு.

செப்டம்பர் 18, வியாழன்

 நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் யாரும் இல்லை. வெளிப்பலகையில் இருபத்து நான்கு டோக்கனும் தொங்கின. பதினேழை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். ஏன் பதினேழு? அழுகிற பிள்ளை. டோக்கனைக் காணோம் என்று வாசலில் நின்று அழுவாள், வரிசை நின்றுபோகும், வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், நான் போய் ‘என்ன ஆச்சு’ என்று கேட்டுச் சரி செய்வேன். அதுதான் கணக்கு.

இரண்டு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். நான் பின் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். வரிசை வந்தது. வாசலில் வணக்கம், டோக்கன், கைதட்டல். அழுகை இல்லை. யசோதரா டோக்கன் இல்லாமலே நுழைந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. எண்ணெய் போட்ட மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய அதிகாரி வெளிப்பலகையைக் காட்டி, காலி என்றால் எல்லோரும் உள்ளே என்று அர்த்தமா என்று கேட்டார். பிரமாதம் என்றார். எனக்கு உள்ளே கொதித்தது.

அப்போது தென்றல் பின்னால் திரும்பி என்னைக் காட்டினாள். இது என்னுடையதில்லை, பாக்யலட்சுமி மேடம் பத்தொன்பது வருடமாகச் செய்கிறது, நான் அவர்களிடம் கேட்டு வாங்கினேன் என்று கன்னடத்தில் தெளிவாகச் சொன்னாள். மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டோக்கன் உள்ளங்கையில் குத்தியது.

மூன்றேகாலுக்கு அவர்கள் போனார்கள். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தாள், ஜோடிக் கை பிடிக்கச் சொன்னாள். ஒரு பிள்ளை மட்டும் கையை நீட்டியபடி நின்றது. என் ஜோடி இல்லை மிஸ் என்றது.

யசோதரா இல்லை.

டோக்கன் இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. நான்தானே சொன்னேன். அவள் அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. தொலைத்துவிட்டோம் என்று நினைத்து வரிசையை விட்டு விலகித் தேடப் போயிருக்கிறாள். வெளிப்பலகை காலி. பலகை எல்லோரும் உள்ளே என்று சொன்னது. அவள் எண்ணே பலகையில் இல்லாதபோது அவளை யார் தேடுவார்கள்? இது எனக்குத் தெரியாதா? டோக்கன் ஆபீஸ்காரர் மகளுக்குத் தெரியாதா? ஐயோ, நான் இன்னா காரியம் பண்ணிட்டேன்.

கிணற்றடி, கக்கூஸ், சமையல் கூடம், எல்லாம் பார்த்தோம். தென்றல் செருப்புக்கூடப் போடாமல் கேட்டைத் தாண்டி ஓடினாள். நாலு மணிக்கு ஆட்டோக்காரர் சகாயம் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கினார். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில், பஸ் போகிற ரோட்டில், தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து போயிருக்கிறாள். காலில் செருப்பு இல்லை, அது வகுப்பு வாசலிலேயே கிடந்தது. உள்ளங்கால் இரண்டும் கொப்புளம்.

அவள் தென்றலிடம் போகவில்லை. என்னிடம் வந்தாள். “டோக்கன் காணோம் மிஸ். காலைல வந்த ரோடெல்லாம் தேடிகினு போனேன்.”

டோக்கன் என் கைப்பையில், கைக்குட்டைக்குள் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் கெஸ்ட் டீச்சர் பொறுப்பு, அறிக்கை எழுத வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். அப்போதும் சொல்லவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் தென்றல் என் அறைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அறிக்கை போனால் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்றாள். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் தலைய எண்ணிப் பாத்திருக்கணும்க்கா. உங்க பலகைய நம்பிட்டேன்.”

 மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். யசோதரா கடைசியாக, காலில் துணிக்கட்டோடு, அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு. வெளிப்பலகைக்கு எதிரே நின்று பையிலிருந்து எதையோ எடுத்தாள். ரஸ்க் பெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, பச்சைக் கிரேயானில் 17 என்று எழுதி, ஓட்டை போட்டு நூல் கட்டியிருந்தது. ஒன்றும் ஏழும் கோணல். அதை வெளிப்பலகையில் மாட்டினாள். ஒரு நிமிடம் அப்படியே விட்டாள். பிறகு எடுத்துக்கொண்டு உள்ளே வந்து உள்பலகையில் மாட்டினாள். என்னைப் பார்த்து, இப்போது சரியா என்கிற மாதிரி நின்றாள்.

 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கங்கம்மாவிடம் சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போனேன். தென்றலும் யசோதராவின் அம்மாவும் அங்கேதான் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று, மூன்று தடவை சொல்ல வேண்டியதில்லை. தகர டோக்கனை மேசைமேல் வைத்தேன்.

“நேத்து இத நாந்தான் எடுத்தேன் சார்.”

அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. ஏன் மேடம் என்றார். பொறாமை சார் என்றேன். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.  தென்றல் என்னைப் பார்க்கவே இல்லை, டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யசோதராவின் அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். “எம் பொண்ணு உங்க பேச்சத்தான் மிஸ் கேட்டா.”

எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

லீவு. இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கேலியும் செய்யவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

மெமோ வந்துவிட்டது. வேலை தப்பியது. என்னை ஐந்தாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள், மைதானத்துக்கு அந்தப் பக்கம். ஒன்றாம் வகுப்பு காலையும் மதியமும் தென்றலிடம். தாலுகாப் பயிற்சிக்கும் அவள்தான் போகிறாள்.

அவள் இப்போது டோக்கனும் பார்க்கிறாள், உள்ளே போனதும் ஜோடியும் பிடிக்க வைக்கிறாள் என்று கங்கம்மா சொன்னாள். இரண்டும் சேர்ந்தால்தான் சரி. எனக்கு ஏன் இது பத்தொன்பது வருடமாகத் தோன்றவில்லை? என்னை வழியில் பார்த்தால் வணக்கம் மேடம் என்கிறாள். அக்கா போய்விட்டது.

கைதட்டல் இங்கே வரைக்கும் கேட்கிறது. இன்னும் எரிகிறது. பொய் எழுத மாட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

பதிவேடு வாங்க அந்த வராந்தா வழியாகப் போக வேண்டியதாயிற்று. இத்தனை நாள் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். மதிய வரிசை உள்ளே போய்க் கதவு சாத்தியிருந்தது. வெளிப்பலகையில் ஒரு டோக்கன் தொங்கியது. தகரம். பதினேழு.

பதறிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். யசோதரா முதல் வரிசையில் இருந்தாள். அவளுடைய அட்டை டோக்கன் உள்பலகையில் இருந்தது. தகரத்தைத் திருப்பிக் கொடுத்தும் அட்டையை விடமாட்டேன் என்றுவிட்டாளாம்.

அப்புறம் தகரம் ஏன் வெளியே இருக்கிறது என்று கங்கம்மாவிடம் கேட்டேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். தினமும் ஏதாவது ஒரு பிள்ளை, மிஸ், வெளியே ஒன்று மிச்சம் இருக்கிறது என்று சொல்லுமாம். தினமும் தென்றல் ஒரே பதில்தான் சொல்லுவாளாம்.

“‘அது பாக்யா மிஸ்ஸோடது, வருவாங்க’ன்னு சொல்லுது மேடம் அந்தப் பொண்ணு.”

மூன்று வாரமாகவா?

பூவுக்கும் கைதட்டலுக்கும் பட்ட பொறாமை வேறு. இது அவள் மனசுமேல் வந்த பொறாமை, அதைவிட மோசம். நான் அவளுக்குச் செய்ததை அவள் எனக்குச் செய்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அந்தத் தகரத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன்.

நவம்பர் 22, சனி

ஐந்தாம் வகுப்புக்கு விளையாட்டு நேரம். போனேன். டோக்கனை எடுத்து உள்பலகையில் அட்டைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தேன்.  தென்றல் கையைத் தூக்கி மூன்று தட்டினாள். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் தட்டினேன், ஒரு தட்டு பிந்திவிட்டது. யசோதரா திரும்பிப் பார்த்து, நமக்கு இரண்டு தட்டுதான் என்கிற மாதிரி இரண்டு விரல் காட்டினாள்.